ஒரே வெப்ப அலை, நான்கு நிலங்கள்: தென் கலிபோர்னியா எப்படிச் சூடேறுகிறது?

வணக்கம். அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், சான் டியேகோ நகரின் ஓஷன் பீச் கடற்கரைக்கு அருகே தொடங்கும் இன்டர்ஸ்டேட் 8 நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால், சுமார் 190 கிலோமீட்டரில் எல் சென்ட்ரோ என்ற ஊர் வந்துவிடும். இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் அதற்குள் கடற்கரை, பள்ளத்தாக்கு, மலை, பாலைவனம் என நான்கு விதமான நிலங்களையும் கடந்துவிடுகிறோம். சாதாரணமான ஒரு ஜூலைப் பகலில் கடற்கரையில் வெப்பநிலை 24, 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்; எல் சென்ட்ரோவிலோ அது 42 டிகிரியை ஒட்டி நிற்கும். இதனால்தான் சான் டியேகோவில் உள்ள தேசிய வானிலைச் சேவை அலுவலகம், மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லாமல், இந்த நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியாக முன்னறிவிப்புத் தருகிறது.

வெப்ப அலை வரும்போது இவை நான்கும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. அதிகம் சூடாகும் இடம்தான் அதிக ஆபத்தான இடம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

(திரையில்: கடற்கரையிலிருந்து பாலைவனம் வரையிலான நிலத்தின் குறுக்குவெட்டுப் படம்.)

முதலில் கடற்கரை. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கலிபோர்னியா நீரோட்டமும், காற்றின் போக்கால் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்நீரும் இங்குள்ள கடலைக் கோடையிலும் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. அந்த நீரைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, தரையை ஒட்டிச் சில நூறு மீட்டர் தடிமனுள்ள ஈரமான அடுக்காகப் படிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் வெப்பக் காற்று அதை மேலெழ விடாமல் மூடி வைக்கிறது. மே, ஜூன் மாதங்களில் சுற்றுலா வந்தவர்களை ஏமாற்றும் சாம்பல் நிற வானம் இந்த அடுக்கின் வேலைதான். அந்தக் குளிர்ச்சியும் என்றைக்கும் உறுதியானதல்ல. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கடற்பாலத்தில் 1916 முதல் நாள்தோறும் கடல்நீரின் வெப்பநிலையை அளந்து வருகிறார்கள். 2018 ஆகஸ்ட் 1 அன்று அது 25.9 டிகிரியை எட்டி, 1931-இல் பதிவான உச்சத்தைத் தாண்டியது. கடல் சூடானால் கடற்காற்றின் குளுமையும் குறைந்துவிடும்.

அடுத்து பள்ளத்தாக்குகள். எல் கஹோன், எஸ்கான்டிடோ, ரமோனா போன்ற ஊர்களுக்கும் கடலுக்கும் நடுவே குன்றுகள் நிற்பதால் கடற்காற்று அங்கே தாமதமாகவும் வலுவிழந்தும் போய்ச் சேருகிறது. கடலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ரமோனாவில் 2018 ஜூலை 6 அன்று 47 டிகிரி பதிவானது.

மலை என்றாலே குளிர்ச்சி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அந்தக் கணக்குச் சரியாக வராது. ஜூலியன், மவுன்ட் லகூனா போன்ற மலையூர்கள் அந்தக் குளிர்ந்த அடுக்கைத் தாண்டிய உயரத்தில் இருக்கின்றன. ஆகவே ஜூன் மாதத்தில் கடற்கரையில் மேலங்கி தேவைப்படும் அதே நண்பகலில், 1,200 மீட்டர் உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவிலும் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிட, மலைச்சரிவின் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காட்டுத்தீ இரவிலும் தணியாமல் எரிவதற்கு இது ஒரு காரணம்.

இனிப் பாலைவனம். மேற்கிலிருந்து வரும் காற்று மலையேறும்போதே தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், மலைக்குக் கிழக்கே இருப்பது மழைமறைவுப் பகுதி. மலையைத் தாண்டிய காற்று கீழே இறங்க இறங்க, அதன் மேலுள்ள அழுத்தம் கூடுகிறது. அழுத்தப்படும் உலர்ந்த காற்று ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடாகிறது. சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள லகூனா மலைமுகட்டிலிருந்து 180 மீட்டர் உயரத்தில் உள்ள பொரேகோ ஸ்பிரிங்ஸுக்கு இறங்கும் காற்று, வெயிலே படாவிட்டாலும் 16 டிகிரி கூடுதலாகச் சூடேறிவிடும் என்பது நாமே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. பாலைவனத்திலிருந்து இன்-கோ-பா மலைச்சரிவில் ஏறும் வாகனங்களுக்கு, என்ஜின் கொதித்துவிடாமல் இருக்க ஏசியை அணைத்துவிடுங்கள் என்று சாலையோரத்தில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்; ரேடியேட்டரில் ஊற்றுவதற்கான தண்ணீரும் வழியோரத்தில் கிடைக்கும்.

(திரையில்: அமெரிக்கத் தென்மேற்கின் மேல் உயர் அழுத்தப் பகுதியைக் காட்டும் வரைபடம்.)

வெப்ப அலை என்பது, இந்த நிலப்பரப்பின் மேல் வலுவான உயர் அழுத்தம் பல நாட்கள் நகராமல் நின்றுவிடுவது. அதற்குள் காற்று பரவலாகக் கீழிறங்கிச் சூடாவதோடு, கடற்கரையின் குளிர்ந்த அடுக்கையும் அமுக்கி மெலிதாக்கிவிடுகிறது. அது போதாதென்று, உள்நாட்டில் அழுத்தம் கூடிக் காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால், பாலைவனப் பக்கம் இறங்கிச் சூடான அதே முறையில் இப்போது கடலை நோக்கி இறங்கிச் சூடாகிறது. சான் டியேகோ நகரத்தின் உச்சபட்ச வெப்பநிலையான 43.9 டிகிரி, ஜூலையில் பதிவானதல்ல. 1963 செப்டம்பர் 26 அன்று பதிவானது. கடற்கரைக்காரர்கள் அஞ்ச வேண்டிய மாதம் எது என்பதை இந்தத் தேதியே காட்டிவிடுகிறது.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் கலிபோர்னியா முழுவதையும் வாட்டிய வெப்ப அலையைப் பாருங்கள். செப்டம்பர் 6 அன்று தலைநகர் சாக்ரமென்டோவில் 46.7 டிகிரி பதிவாகி, அந்நகரின் பழைய உச்சம் முறிந்தது. அதே நாளில் மாநிலத்தின் மின்தொகுப்பில் தேவை 52,061 மெகாவாட் என்ற வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. மாலையில் மக்களின் கைபேசிகளுக்கு அவசரக் குறுஞ்செய்தி அனுப்பி மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொன்னார்கள், மக்களும் செவிசாய்த்ததால் பெரிய மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. சில நாட்களில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பக்கமிருந்து கே என்ற சூறாவளி வலுவிழந்தபடி வந்தது. அது கொண்டுவந்த மேகமும் மழையும் வெப்ப அலையை முடித்துவைத்தன என்பது உண்மை. ஆனால் மழைக்கு முன்னால் அது கிழக்குக் காற்றை மலைகளின் மேல் இழுத்துக் கடற்கரையை இன்னும் ஒருமுறை சுட்டெடுத்தது. சான் டியேகோ மாவட்ட மலைகளில் உள்ள குயமாக்கா சிகரத்தில் காற்று மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். 2006 ஜூலை வெப்ப அலையின்போது கலிபோர்னியாவில் வழக்கத்தைவிட 16,000-க்கும் அதிகமானோர் கூடுதலாக அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தார்கள். வெப்பத்தால் நேரடியாக வந்த பாதிப்புகள் வழக்கத்தைவிட மிக அதிக மடங்கு பெருகியது பாலைவனத்தில் அல்ல, மிதமான தட்பவெப்பம் கொண்ட மத்தியக் கடற்கரைப் பகுதியில். சான் டியேகோ மாவட்டத்தை ஆராய்ந்து ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் இருந்தது. பாலைவனத்தில் வாழ்பவர்களின் உடலும் வீடும் அன்றாட வழக்கமும் வெப்பத்துக்குப் பழகியவை. கடற்கரையில் பல வீடுகளில் ஏசியே கிடையாது, தேவைப்பட்டதில்லை. அதனால் 35 டிகிரியே அங்கே ஒரு முதியவரை மருத்துவமனையில் சேர்த்துவிடப் போதுமானது. இதற்காகப் பாலைவனத்தின் 47 டிகிரி எளிதானது என்று எண்ணிவிடக் கூடாது. வயலிலும் கட்டடப் பணியிலும் நிற்பவர்களுக்கு எந்தப் பழக்கமும் முழுக் காப்பு ஆகாது. 27 டிகிரியைத் தாண்டினாலே வெளியில் வேலை செய்பவர்களுக்கு நிழல் அமைத்துத் தர வேண்டும் என்று மாநில விதியே இருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து, தேசிய வானிலைச் சேவை ஹீட்ரிஸ்க் என்ற ஐந்து நிறக் குறியீட்டைத் தருகிறது. பச்சையில் தொடங்கி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனக் கடந்து மெஜந்தாவில் முடியும் இந்தக் குறியீடு, வெப்பநிலை எவ்வளவு என்பதோடு நிற்காமல், அந்த இடத்துக்கும் அந்தப் பருவத்துக்கும் அது எவ்வளவு அசாதாரணம், எத்தனை நாள் நீடிக்கும், இரவில் உடல் ஆறுவதற்கு இடைவெளி கிடைக்குமா என்பதையும் பார்க்கிறது. ஆகவே கடற்கரையின் 35 டிகிரிக்கும் பாலைவனத்தின் 46 டிகிரிக்கும் ஒரே நிறம் விழலாம்.

இரவு என்பதுதான் இதில் நாம் சுலபமாகக் கவனிக்கத் தவறும் பகுதி. 2006-இல் வந்த வெப்பம் ஈரப்பதம் மிகுந்தது. ஈரக்காற்று தரையின் வெப்பத்தை வெளியேற விடாததால் இரவுகளும் அசாதாரணமாகச் சூடாக இருந்தன. சான் டியேகோ மாவட்ட நிர்வாகம் கூல் ஸோன் என்ற பெயரில் நூலகங்களையும் சமூகக்கூடங்களையும் மக்கள் வந்து உட்காரத் திறந்துவைக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நூலகங்கள் மாலையில் மூடிவிடுகின்றன, ஏசி இல்லாத கடற்கரை வீட்டின் சுவர்களோ பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை அதற்குப் பிறகுதான் உள்ளே விடத் தொடங்குகின்றன.