வாசலில் நிறுத்த ஒரு ராத்திரி

நேயர்களுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் வெள்ளிக்கிழமை மலைப்பக்கம் கிளம்புகிறார் என்றால், அதற்கு முன்பே ஒரு நாள் கணினி முன் உட்கார்ந்துவிடுவார். தன் வீட்டு வாசலில் தன் சொந்த வண்டியை ஒரு ராத்திரி நிறுத்த, நகராட்சியிடம் பெர்மிட் வாங்கியாக வேண்டும்.

அவருடையது ஆர்.வி. என்கிற வண்டி. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். மற்ற நாளெல்லாம் ஊருக்கு வெளியே வாடகை இடத்தில் கிடக்கும். ஆர்.வி.யோ, கழற்றிவிட்ட டிரெய்லரோ, 27 அடி நீளமும் 7 அடி உயரமும் தாண்டிய வேறு வண்டியோ, அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை பெர்மிட் இல்லாமல் தெருவில் நிற்கக்கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். ஒரு பெர்மிட் 24 மணி நேரத்துக்குச் செல்லும். ஆண்டுக்கு 72 வரை வாங்கலாம். பெரியவர் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வருகிறார்.

காலையில் வண்டியைக் கொண்டுவந்து சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். உள்ளே கூட்டிப்போய்க் குளிர்பெட்டியைக் காட்டினார். எரிவாயுவில் ஓடும் ரகம். நன்றாகக் குளிர ஒரு முழு ராத்திரி பிடிக்கும். வண்டி சாய்ந்து நின்றால் சரியாக ஓடவும் ஓடாது. எங்கள் தெருவோ சரிவு. சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ஏற்றி, கொத்தனார் போல ரசமட்டத்தைத் தரையில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துகிறார். இந்தப் பாட்டைப் பார்த்த பிறகு, அந்த ஒரு ராத்திரியை அவருக்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கடற்கரையை ஒட்டிய குறுகலான தெருக்களில் இப்படி நாலு வண்டி வரிசையாக நின்றால், முக்குத் திரும்புகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. எனக்கு இடிக்கிற இடம் வேறு. பெர்மிட் வாங்க வீட்டு முகவரி வேண்டும். அந்த வண்டியே வீடு என்று இருப்பவன் எந்த முகவரியை எழுதுவான்?

வண்டியில் குடியிருப்பதைத் தடுத்த பழைய சட்டத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் நிறுத்திவைத்தது. மறு ஆண்டே நகரசபை புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இரவு தங்குவதற்கென்று சில வாகன நிறுத்துமிடங்களையும் திறந்தார்கள். எங்கள் நகரின் மிஷன் வேலி பகுதியில் இருப்பதில் ஆர்.வி.க்கும் இடம் உண்டு.

வடக்கே, கூகுள் நிறுவனத்தின் தலைமையகம் உள்ள மவுண்டன் வியூவில் நம்மவர்கள் ஏராளம். வேலைக்குப் போகிற வழியில் வரிசையாக நிற்கும் இந்த வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே 2020 நவம்பரில் மக்களே வாக்களித்து, 40 அடியும் அதற்குக் குறைவாகவும் அகலமுள்ள தெருக்களில் பெரிய வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். வழக்கு நடந்தது. கடைசியில், மொத்தம் 3 மைல் நீளத் தெருவையாவது இவ்வண்டிகளுக்கு விட்டுவைப்பதாக நகரம் ஒப்புக்கொண்டு சமரசமானது. 3 மைல்! வாடகை அந்த ஏறு ஏறியிருக்கிற ஊரில்.

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய ஆர்.வி. சில நாள் நிற்கும். ஜன்னலுக்கு உள்பக்கம் அட்டை ஒட்டியிருக்கும். தூக்கம் வராத இரவுகளில் ஒன்றே முக்கால் மணிவாக்கில் அந்த இன்ஜின் இருமி இருமிக் கிளம்புகிற சத்தம் எனக்குக் கேட்கும். எதிர்வீட்டு வண்டி கண்ணாடிக்குப் பின்னால் பெர்மிட்டை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும், உள்ளே குளிர்பெட்டி குளிர்ந்துகொண்டிருக்கும்.