ஒரே வரியிலா, ஒரே மெம்பரிலா?

நேயர்களுக்கு வணக்கம். நெல்லைச் சீமையில் வீட்டிலிருந்தபடியே மெயின்ஃப்ரேம், அதாவது பெரிய நிறுவனங்களின் பெருங்கணினியில் வேலை பார்க்கிறவர்களுக்கான பேச்சு இது. புரோகிராம் லைப்ரரியில் பல சொற்களை ஒருசேரத் தேடுவதைப் பற்றியது. பக்கத்தில் ஒரு பேனா இருக்கட்டும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டப் பெயரை வைத்துக் கணக்குப் பிரிக்கும், கோபால் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்கள் எவையென்று தேட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரியிலுள்ள ஒவ்வொரு தனிக் கோப்பும் ஒரு மெம்பர். ஒரு மெம்பரில் 'திருநெல்வேலி' என்று இருக்கும், இன்னொன்றில் பழைய 'டின்னவேலி', மற்றொன்றில் டி வி எல் என்ற மூன்றே எழுத்து. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.

மெயின்ஃப்ரேமில் நாம் வேலை செய்யும் திரைத்தொகுப்பு ஐஎஸ்பிஎஃப். அதன் 3.14 தேடல் திரையிலேயே கூடுதல் சொற்களும் கொடுக்கலாம். லைப்ரரி பெரிதென்றால், பின்னணியில் தானாக ஓடும் பேட்ச் ஜாப்தான் நல்லது. புரோகிராம் பெயர் ஐ எஸ் ஆர் எஸ் யு பி சி. புரோகிராமுக்கு விருப்பங்களைச் சொல்லும் 'பார்ம்' பகுதியில், தேடலுக்கான எஸ் ஆர் சி எச் சி எம் பி, கூடவே ஏ என் ஒய் சி. இந்த இரண்டாவதை விட்டால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகிவிடும். ஜாபில் கோப்புகளைக் குறிக்கும் வரிக்கு டிடி என்று பெயர். தேட வேண்டிய லைப்ரரியை நியூ டிடியில் கொடுங்கள். ரிப்போர்ட் அவுட் டிடியில் வரும்.

இனி, தேடல் கட்டளைகளை எழுதும் சிஸ்இன். எஸ் ஆர் சி எச் எஃப் ஓ ஆர் என்று எழுதி, ஒற்றை மேற்கோளுக்குள் சொல்லைக் கொடுங்கள். சொல்லுக்கு ஒரு வரி. இவற்றில் எது இருந்தாலும் அந்த வரி ரிப்போர்ட்டில் வரும். டி வி எல்லுக்குப் பின்னால் கமா போட்டு டபிள்யூ சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓ யு டி வி எல் டி போன்ற பெயர்களும் வந்து குவியும்.

எஸ் ஆர் சி எச் எஃப் ஓ ஆர் என்ற கட்டளைப் பெயரின் கடைசியில் ஒரு சி சேர்த்தால் நிலைமையே வேறு. முந்தின சொல்லும் இதுவும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். பலர் இதை 'ஒரே மெம்பரில்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோபாலில் இஃப் ஒரு வரியில், ஊர்ப்பெயர் அடுத்த வரியில் என்று இருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரே மெம்பரில் இரண்டும் வேண்டுமென்றால், மெம்பர் வாரியான எண்ணிக்கையை மட்டும் தரும் எல் எம் டி ஓ என்பதைப் பார்மில் போட்டு இரண்டு முறை தனித்தனியாக ஓட்டி, வரும் மெம்பர் பட்டியல்களை ஒப்பிட வேண்டும். சுற்றுவழிதான், ஆனால் தப்பாது.

புரோகிராம் முடிந்ததும் தரும் எண், அதாவது ரிட்டர்ன் கோட், 1 என்று வந்தால் பதறாதீர்கள். சொல் கிடைத்தது என்று அர்த்தம், கிடைக்காவிட்டால்தான் 0. அடுத்த ஸ்டெப்பில் வழக்கம்போல 0, என் இ என்று கான்ட் போட்டிருந்தால், அதாவது கோட் 0 இல்லையென்றால் ஸ்டெப்பைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால், சொல் கிடைத்த நாளில்தான் அந்த ஸ்டெப் ஓடாது.

வரியின் 7-ஆம் எழுத்திடத்தில் நட்சத்திரக் குறி உள்ள கமென்ட் வரிகளை, அதாவது வெறும் குறிப்பு வரிகளைத் தள்ள, பார்மில் டி பி சி பி சி எம் டி. முதல் தேடலில் இதைப் போடாமலிருப்பதே நல்லது. பழைய பெயர்கள் பெரும்பாலும் கமென்டில்தான் கிடக்கும். பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் வரிகள் உள்ள காப்பிபுக் லைப்ரரிக்கும் தனியாக ஒரு ஸ்டெப் வையுங்கள். புரோகிராமில் காப்பி என்ற ஒரு வரிதான் இருக்கும், ஊர்ப்பெயர் இருப்பது அங்கே.