குன்னூரில் ஒரு மருந்துக் கிடங்கு

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் நகர்மன்ற உறுப்பினர்களே, வியாபாரிகள் சங்கத்தாரே, கோத்தகிரியிலிருந்து மழையில் நனைந்தபடி வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, தாய்மார்களே, வரவேற்புரையில் விடுபட்டுப்போன நூலகர் அம்மையார் அவர்களே, வணக்கம்.

கிருமியை ஆயுதமாக்குவோரை எதிர்கொள்ள அரசு மருந்து சேமிப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: எதைச் சேமிப்பது, எங்கே சேமிப்பது, காலாவதியாகும் சரக்கை என்ன செய்வது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அமெரிக்கா 1999-இலேயே தேசிய மருந்துக் கையிருப்பை ஏற்படுத்தியிருந்ததால்தான், 2001-இல் அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நோய்க்கிருமித் தூள் வந்து 5 பேர் மாண்டபோது, மாத்திரைகளை உடனே அனுப்ப முடிந்தது. பெரியம்மை ஒழிந்ததென்று 1980-இல் அறிவித்த பிறகும் அதன் தடுப்பூசியைச் சில நாடுகள் பாதுகாக்கின்றன. தொற்றிய சில நாட்களுக்குள் போட்டால்தான் பலன் என்பதால், நோய் வந்தபின் தயாரிக்க அவகாசம் இராது.

எங்கே சேமிப்பது? எங்கள் எஸ்டேட் லைனில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை வெறிநாய் கடித்தது. ஆழமான கடி, தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்பாற்றல் தரும் சீரமும் போட வேண்டும். மருத்துவமனையில் சீரம் இல்லை, கோயம்புத்தூர் போங்கள் என்றார்கள். பர்லியார் அருகே மண்சரிவு, பேருந்து நின்றுவிட்டது. கட்டுப்போட்ட கையை நீட்டி அக்கா நடத்துநரைக் கேட்டார்: "தம்பி, ஊருக்கெல்லாம் நாய்க்கடி ஊசி செஞ்சு அனுப்புன ஊரு நம்ம குன்னூரு. நான் எதுக்குப்பா மலை இறங்கணும்?" அவர் யோசித்துவிட்டு, "அக்கா, இந்தக் கேள்விக்கு என்கிட்ட டிக்கெட் இல்ல" என்றார். பேருந்தே சிரித்தது. பிறகு திரும்பி வந்து, கோத்தகிரி வழியாகச் சுற்றி இறங்கி, இரவில்தான் ஊசி போட முடிந்தது. அக்கா நலம், இதோ பின்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். 1907-இல் தொடங்கிய, நாய்க்கடி ஊசி செய்த நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை, தர நெறிமுறைகளைக் காட்டி 2008-இல் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கசௌலி, கிண்டி அரசுத் தடுப்பூசி நிலையங்களுக்கும் அதே கதி. 2010-இல் உரிமம் திரும்பி வந்தது. இடையில் நாடு தனியாரை நம்பி நின்றது. குறையைச் சரிசெய்யப் பணம் கொடுத்திருக்கலாமே! வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன பெரியோர், கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை.

தலைவர் மணியடித்துவிட்டார், காலாவதிச் சரக்கு இன்னொரு கூட்டத்துக்கு. குளிர்பதன அறையும் ஜெனரேட்டரும் கொண்ட கிடங்கைக் குன்னூரிலேயே அமைக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை நகர்மன்ற உறுப்பினர்கள் இட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.