இருபதாயிரம் நூலும் ஒரு நூலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நூலகம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். செக் நாட்டுத் தலைநகரம் பிராகாவில் நான் பார்த்த ஒரு நூலகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைவிட, அதே கட்டடத்தில் அதற்கு மேலே இருக்கும் ஓர் இருட்டறையைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

சார்லஸ் பாலத்தைக் கடந்து பழைய நகரத்துக்குள் நுழைந்தவுடன் இடது கைப்பக்கம் ஒரு பெரிய வளாகம் தொடங்குகிறது. அதுதான் கிளெமென்டினம். 1556-இல் பிராகாவுக்கு வந்த இயேசு சபைத் துறவிகள் எழுப்பியது. நம் வீரமாமுனிவர் சேர்ந்திருந்தாரே, அதே சபை. அவர் இங்கே தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1722-இல், அங்கே பரோக் எனும் அலங்காரம் மிகுந்த ஐரோப்பியப் பாணியில் நூலக மண்டபம் எழுந்தது. இன்று வளாகம் செக் தேசிய நூலகத்தின் வசம் இருக்கிறது.

மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். வாசலில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கக்கூடாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கையில் கேமரா இல்லாததால் கண் நிதானமாகப் பார்த்தது. முறுக்கிவிட்டதுபோல் நிற்கும் மரத்தூண்கள், நடுவே வரிசையாகப் பூகோள, வான்கோள உருண்டைகள், மேலே யான் ஹீபல் தீட்டிய ஓவியங்கள். கூரையில் குவிமாடம் இருப்பதுபோலவே கண்ணை நம்பவைத்துவிடுகிறார். அடுக்குகளில் 20,000-க்கும் மேற்பட்ட நூல்கள். முதுகில் வெள்ளை பூசிச் சிவப்புக் குறியிட்டவை துறவிகள் காலத்திலிருந்தே அங்கே இருப்பவை.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நூல்களை இத்தனை அழகாக அடுக்கிய அதே சபையைச் சேர்ந்தவர்தான் கொனியாஷ். மத விரோதமானவை என்று கருதிய செக் மொழி நூல்களை வீடு வீடாகத் தேடி எடுத்துத் தீயிலிட்டவர். தடை செய்யவேண்டிய நூல்களுக்கு 1729-இல் ஒரு பட்டியலே அச்சிட்டார். மண்டபம் எழுந்து ஏழே ஆண்டுகள்! அந்த வாசலில் நின்றபோது, அடுக்கில் இல்லாத நூல்களும் என் நினைவில் வந்து நின்றன.

அங்கிருந்து வானியல் கோபுரத்துக்கு ஏறினோம். 68 மீட்டர் உயரம். உச்சியில் வான்கோளத்தைத் தோளில் தாங்கிய, கிரேக்கப் புராணத்து அட்லஸின் சிலை. பாதி வழியில் வருகிறது அந்த இருட்டறை. சுவரில் ஒரு சிறு துளை. தரையை ஒட்டி வடக்கு தெற்காக இழுத்துக் கட்டிய ஒரு நூல். அவ்வளவுதான் கருவி. துளை வழியே விழும் சூரிய ஒளி தரையில் ஒரு பொட்டாக நகர்ந்து வரும். பொட்டு நூலைத் தொடும் நொடி, பிராகாவுக்கு உச்சிப்பொழுது. 1842 முதல், அந்த நொடியில் கோபுரத்து மேலிருந்து கொடி அசைத்து ஊருக்கு அறிவித்தார்கள். ஊரார் நிமிர்ந்து பார்த்துத் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டார்கள்.

கீழே இருபதாயிரம் நூல். மேலே ஒரே ஒரு நூல். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்கவில்லை. நேரே சூரியனைக் கேட்டது. அதைக் கட்டியவர்களும் அந்தச் சபையின் பிள்ளைகளே என்பதுதான் என்னை உலுக்கியது. வானாய்வுக்கூடத்தை அமைத்த ஜோசப் ஸ்டெப்லிங் ஒரு துறவி. 1752-இல் இங்கே வானிலையைக் குறிக்கத் தொடங்கியவரும் அவர்தான். 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. குறிப்பு எழுதும் வேலை கலையவில்லை. அவருக்குப் பின் வந்தவர் அன்டோனின் ஸ்ட்ர்நாட். பழைய நகரச் சதுக்கத்தில் மணிக்கொரு முறை கூட்டம் கூடி அண்ணாந்து பார்க்கிறதே ஒரு வானியல் கடிகாரம், அது ஓடாமல் கிடந்து பழைய இரும்புக்குப் போகவிருந்தபோது, பழுது பார்க்கவைத்துக் காப்பாற்றியவர் இவர்.

1775 முதல் ஒரு நாள்கூட விடாமல் இங்கே வெப்பநிலை பதிவாகிறது. எண்ணிப் பாருங்கள். ஆஸ்திரியப் பேரரசு போனது. 1918-இல் குடியரசு வந்தது. 1939-இல் ஹிட்லரின் படை நுழைந்தது. 1968-இல் சோவியத் டாங்குகள் தெருவில் நின்றன. அந்த நாள்களிலும் யாரோ ஒருவர் வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறித்து வைத்தார். பூமி எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று இன்று கணக்கிடும் ஆய்வாளர்களுக்கு இந்தப் பதிவேடு பெரும் செல்வம். அந்தக் கட்டடத்தின் ஆகச் சிறந்த நூல் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். கண்ணாடிக்குள் போகாத நூல். இன்னும் எழுதி முடிக்காத நூல்.

நான் போன அன்று வானம் மூடிக் கிடந்தது. இருட்டறையில் அந்த நூலின் மேல் வெளிச்சம் விழவில்லை. கோபுரத்தின் உச்சியில் குளிர் காதை அறுத்தது. அந்தக் குளிரும் அன்றைய தேதிக்கு நேராக ஒரு எண்ணாக ஏறியிருக்கும்.