எழுப்பியது எது?

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. ஆண்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள். இருங்கள், உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் ஒருவரும் தூக்கமாட்டீர்கள். அதனால் என் கதையையே சொல்லிவிடுகிறேன். எனக்கு 48 வயதில் தூரம், அதாவது மாதவிடாய், நின்றது. மெனோபாஸ் என்கிறார்களே, அதுதான். அதற்கு ஒரு வருடம் முன்பே தூக்கம் போய்விட்டது. படுத்ததும் தூங்கிவிடுவேன். ஒன்றரை, இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் குப்பென்று ஒரு காந்தல். நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வேர்வை ஆறினால் குளிரும். அப்புறம் பால்காரர் மணியடிக்கும் வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

“உடம்பு சூடு” என்றார் மாமியார். வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல், வெந்தயத் தண்ணீர், ராத்திரி கசகசாப் பால். எதிர்வீட்டு அக்கா ஜாதிக்காயை இழைத்துக் கொடுத்தார். குளியல் சுகமாக இருந்தது, இன்றும் விடவில்லை. ஆனால் நாம் நினைக்கிற சூடு இல்லை இது. தூரம் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. வெப்பம் இம்மியளவு கூடினாலும் தோலுக்கு ரத்தத்தை விரட்டி, வேர்க்க வைத்துவிடும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகையோடு நிற்கட்டும். அளவு மீறினால் படபடப்பு வரும், தலை சுற்றும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

என் தப்பையும் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராப் பொடி வாங்கினேன், அதுதான் அஸ்வகந்தா. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்து, கை போன அளவுக்குப் பாலில் கலக்கிக் குடித்தேன். முதல் வாரம் நன்றாகவே தூங்கினேன். அது தூக்கத்துக்குச் சற்று உதவுகிறது என்று சிறிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் நான் தைராய்டு மாத்திரை போடுகிறவள். மூன்றாம் வாரம் நெஞ்சு படபடவென்று அடித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு அளவு ஏறியிருந்தது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. முப்பது வருடமாக நோயாளிகளிடம் “வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டவள் நான். என் டாக்டர் அதையே என்னிடம் கேட்டபோது “ஒன்றுமில்லை” என்றேன். பொடிதானே, அது மருந்தா என்று நினைப்பு!

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பிளாக் கோஹோஷ் என்கிற மூலிகை மாத்திரை, சோயா மாத்திரை என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவருகிறார்கள். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் ஹார்மோன் அல்லாத வழிகளையெல்லாம் அலசியது. இந்தக் காந்தலுக்கு இரண்டையுமே அது பரிந்துரைக்கவில்லை.

யோகா? பக்கத்தில் புதுச்சேரியில் சர்வதேச யோகா விழாவே நடக்கிறது, நமக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்குமா? அமெரிக்காவில் பெண்களை 12 வாரம் யோகா செய்யவைத்துப் பார்த்தார்கள். காந்தல் குறையவில்லை, தூக்கம் மட்டும் கொஞ்சம் தேறியது. செய்யுங்கள், நானும் செய்கிறேன்.

எனக்குப் பிடித்தது 2016-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. காந்தலும் தூக்கமின்மையும் உள்ள 106 பெண்கள். அதில் பாதிப் பேருக்கு, எட்டு வாரத்தில் ஆறு தடவை போனிலேயே பேசி, தூங்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். மாத்திரை கிடையாது. காந்தல் எப்போதும்போல வந்துகொண்டுதான் இருந்தது. தூக்கம் மட்டும் நன்றாகத் திரும்பிவிட்டது.

அதன் சூட்சுமத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். தூக்கம் வரவில்லையா, படுக்காதே! கட்டில் என்றால் விழித்துக் கிடக்கிற இடம் என்று மூளை பழகிவிட்டது, அதை மறக்கடிக்க வேண்டும். இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து வெளியே வாருங்கள். சின்ன விளக்கு போதும். போனைத் தொடாதீர்கள். நான் துணி மடிப்பேன். எல்லாம் மடித்தாகிவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பேன். கண் சொக்கும்போதுதான் போய்ப் படுப்பேன். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன், பகலில் தலை சாய்ப்பதில்லை. முதல் இரண்டு வாரம் பேய் பிடித்த மாதிரித்தான் இருந்தது. மூன்றாவது வாரம் வேர்த்து எழுந்தேன், துடைத்தேன், தூங்கிவிட்டேன்.

இப்போது ஆண்கள். வீட்டுக்காரம்மா எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தால் “என்ன பண்றே, வந்து படு” என்று கூப்பிடாதீர்கள். உங்கள் வேலை அவ்வளவுதான்.

எல்லோருக்கும் ஒரு சின்ன நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு வாரம், ராத்திரி எழுப்பியது எது என்று மட்டும் காலையில் எழுதுங்கள். வேர்வையா, மூத்திரமா, முட்டிவலியா, மகள் கல்யாணக் கடனா, சாயங்கால டீயா? குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுந்தால் அது வேறு நோய், எந்தப் பாலுக்கும் சரியாகாது. காந்தல் தாங்கவே முடியவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சை உண்டு, உங்களுக்கு ஒத்துவருமா என்று மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். தூரம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோட்டையும் பொடி பாட்டிலையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. மணி ஐந்தரை ஆகிறது, எனக்கு வேண்டாம்மா. சுக்குத் தண்ணி இருந்தால் கொடு.