ஆப்பிள் பீப்பாய்க்கு எத்தனை பக்கம்?

[திரையில்: ‘புதையல் தீவு’ நாவலின் அத்தியாயப் பட்டியல். 11-ஆம் அத்தியாயம் மட்டும் மஞ்சளில்.]

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883-இல் நூலாக வந்தது. 34 அத்தியாயங்கள். அதைக் காமிக்ஸாக்க நம்மிடம் இருப்பதோ 48 பக்கம். அத்தியாயத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் என்று கூறுபோட்டால் கதை படுத்துவிடும். கடற்பயணத்தை விரிவாகச் சொல்லப்போவதில்லை என்று ஸ்டீவன்சனே எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறார். நமக்கும் அதற்கு ஒரே கட்டம் (ஒரு சட்டத்துக்குள் அடங்கும் ஒரு படம்) போதும். மிச்சமாகும் இடத்தில் மூன்று பக்கத்தை 11-ஆம் அத்தியாயத்துக்குக் கொடுங்கள்.

[திரையில்: பீப்பாயின் பென்சில் ஓவியம்.]

ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய கதை நாயகச் சிறுவன் ஜிம், வெளியே சாய்ந்து உட்கார்ந்த கப்பல் சமையல்காரன் சில்வரின் சதித்திட்டத்தைக் கேட்டுவிடுகிறான். படிக்கும்போது நெஞ்சு படபடக்கும். வரைய உட்கார்ந்தால்தான் சிக்கல்: ஒருவன் பேசுகிறான், இன்னொருவன் கேட்கிறான், அவ்வளவுதான். சில்வரின் முகத்தை ஆறு தடவை வரைந்து வசனத்தைத் திணித்தால் பிள்ளைகள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

பீப்பாயை நெடுக்காகப் பிளந்ததுபோல் வரையுங்கள். இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜிம், நடுவே ஒரு பலகை, அந்தப் பக்கம் சில்வரின் முதுகு. அதற்கப்புறம் சில கட்டங்களுக்குச் சில்வர் வேண்டாம். வசன பலூனின் வால் மட்டும் பலகை இடுக்கு வழியாக உள்ளே நீளட்டும். ‘ஜிம் பயந்துபோனான்’ என்று பெட்டி கட்டி எழுதாதீர்கள். அது அவன் முகத்திலேயே இருக்கிறது.

[திரையில்: 14, 15, 16-ஆம் பக்கங்களின் மாதிரி.]

இளம் மாலுமி டிக்கிடம் ஒரு ஆப்பிள் எடுத்துத் தரச் சொல்கிறான் சில்வர். இந்த வசனம் 15-ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டம். இன்னொரு மாலுமி ஹேண்ட்ஸ் குறுக்கிட்டு ரம் கேட்பது, தாளைப் புரட்டிய பிறகு. அதனால் காட்சி இரட்டைப்படைப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். முன்னால் ஒரு பக்கம் கூடிவிட்டால் கேள்வியும் பதிலும் எதிரெதிரே விழும். ஓரக்கண்ணில் ரம் தெரிந்துவிடும், பயம் போச்சு.

வசனத்தை ஓவியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு பலூனுக்கு 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒல்லியான பலூனில் கண்ட இடத்தில் உடையும். மேலே ‘கீ’, கீழே ‘மூ’ என்று கொக்கிகள் நீள்வதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்குப் போன பிறகு கண்ணில் பட்டு என்ன பயன்?

[திரையில்: 16-ஆம் பக்கம், கட்டம் கட்டமாக.]

ரம் சுற்றி வருகிறது. அதுவரை பீப்பாய்க்குள் கறுப்பு மை மட்டுமே. கடைசிக்கு முந்தைய கட்டத்தில் நிலா வெளிச்சம் உள்ளே விழுகிறது. இது மூலத்திலேயே உண்டு, விட்டுவிடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் காவல் மாலுமியின் கூவல்: “கரை தெரியுது!” அதற்குக் கணினி எழுத்துரு வேண்டாம். தூரிகையால், கட்டத்தை மீறிப் போகும்படி எழுதுங்கள்.