கார் பொலிஷர் வாங்கப் போகிறீர்களா? வாட்டை விடுங்கள், இந்த இலக்கத்தைப் பாருங்கள்!

[காட்சி: நண்பகல் வெயிலில் ஒரு கறுப்புக் காரின் பொனட், மிக அருகில்]

வெயில் விழுகிற இந்த இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இழை இழையாக, வளைந்து வளைந்து ஓர் ஒளி ஓடுகிறதே, தெரிகிறதா? புதிதாகக் கட் அன் பொலிஷ் செய்த கார் இது. கராஜுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. வெளியே எடுத்ததும் இந்தக் கோலம். இதை ஹொலோகிராம் என்பார்கள். பெயின்ற்றைத் தேய்த்து மெருகேற்றுகிற ரொட்டரி பொலிஷர் மெஷின் விட்டுப்போன தடம்.

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களும் சொந்தமாகச் சின்ன கராஜ் நடத்துகிற தம்பிமாரும் இந்த வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடல் உப்பு, கச்சான் காற்றுக் காலத்துத் தூசி, கிணற்றுத் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளி என்று பெயின்ற் படாத பாடு படுகிறது. பொலிஷர் நமக்குத் தேவைதான். ஆனால் கடைக்குப் போனதும் முதலில் கேட்கிற கேள்வி, "அண்ணன், இது எத்தனை வாட்?" அங்கேயே பிழை நடந்துவிடுகிறது.

கேட்க வேண்டியது, "இதன் ஆகக் குறைந்த வேகம் எவ்வளவு?"

ரொட்டரி என்றால் பாட், அதாவது பெயின்ற்றில் படுகிற வட்ட மெத்தை, ஒரே அச்சில் சுற்றும், அவ்வளவுதான். டுவல் அக்‌ஷன், அதாவது டீஏ, சுற்றிக்கொண்டே தள்ளாடும். சூடு குறைவு, வேலையும் மெதுவு. சொந்தக் கார் ஒன்றுக்கு மட்டும் என்றால் டீஏ வாங்குங்கள், என் அபிப்பிராயம் அதுதான். பட்டா எனும் சின்ன லொறி, வான், மங்கிப்போன பழைய பெயின்ற் என்று தினமும் வேலை வருகிறவருக்கு ரொட்டரி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கல்குலேட்டரை எடுங்கள்.

[திரையில்: 150 மில்லிமீற்றர் பாட், விளிம்பு வேகம்]

150 மில்லிமீற்றர் பாட் ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு ஏறக்குறைய 47 சென்டிமீற்றர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விளிம்பின் வேகம் மணிக்கு 17 கிலோமீற்றர். 1500 சுற்றில் 42. 3000 சுற்றில் 85. சரி, இரும்பு வெட்டுகிற சாதாரண 5 அங்குலக் கிரைண்டர் பொதுவாக 11,000 சுற்று. அதில் இதே பாட்டை மாட்டினால்? மணிக்கு 311 கிலோமீற்றர்!

"கிரைண்டரில் யார் மாட்டுவார்கள்" என்று நினைக்காதீர்கள். இங்கேதான் ஆபத்தே இருக்கிறது. ரொட்டரி பொலிஷரின் தண்டில் இருக்கும் மரை பெரும்பாலும் எம்14, அதாவது 14 மில்லிமீற்றர் அளவு. 5 அங்குலக் கிரைண்டரிலும் பெரும்பாலும் அதே எம்14. பாட் கச்சிதமாக ஏறிவிடும். ஏறிவிட்டதால் சரியென்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பாட் அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை. பிய்ந்து பறந்தால் கார் மட்டுமா, ஆளுக்கும் ஆபத்து. வேகம் மாற்றுகிற கிரைண்டர் என்றாலும் பலவற்றில் குறைந்த வேகமே 2800. வீட்டில் கிரைண்டர் கிடக்கிறது, பாட் மட்டும் வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு பயம் காட்டுகிறேன்? இந்தா, ஓர் ஏ4 தாள். இதன் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. கம்பனியில் அடித்துவந்த கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சு, பெரும்பாலும் இதில் பாதிகூட வராது. பனலின் ஓரத்திலும் மடிப்புக் கோட்டிலும் இன்னும் மெல்லிசு. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டாமல் ரொட்டரியைக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் கவனம்: தகரம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, சூடு ஒரே இடத்தில் நின்று பெயின்ற் பொரிந்துவிடும்.

அதனால், ரொட்டரி வாங்குகிறவர்கள் குறைந்த வேகம் 600 அல்லது அதற்குக் கீழே இருக்கிற மெஷினைத் தேடுங்கள். மேல் வேகம் 3000 என்று போட்டிருந்தாலும் அது உங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

அடுத்தது, அமத்தினாலும் வேகம் குறையாத வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே பார்க்கலாம். டயலை ஆகக் குறைவில் வைத்து, போம் பாட்டை, அதாவது ஸ்பொஞ்ச் பாட்டை, ஒரு பழைய தகரத்தில் மெதுவாக அமத்துங்கள். சத்தத்தைக் கவனியுங்கள். "ஊஊம்" என்று இறங்கிப்போனால் அந்த வசதி இல்லை. இல்லாவிட்டால் என்ன? அமத்தும்போது பாட் நிற்கப் பார்க்கும், நாம் டயலைக் கூட்டுவோம், பிறகு கை லேசானதும் மெஷின் திடீரென்று பாயும். பெயின்ற் எரிவது அந்த நொடியில்தான். 1000 வாட் மெஷினில் இந்த வசதி இருந்தால், அது இல்லாத 1400 வாட் மெஷினைவிட அதைத்தான் நான் எடுப்பேன்.

மெதுவாகத் தொடங்கும் வசதியும் இருக்கட்டும். இல்லையென்றால் சுவிட்சைத் தட்டியதும் கொம்பவுண்ட், அதாவது பாட்டில் பூசுகிற தேய்க்கும் பசை, சுவரிலும் சேர்ட்டிலும் தெறிக்கும். பாட் ஒட்டுகிற பக்கிங் பிளேட்டை மாட்டி ஓடவிட்டு, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஓரம் ஆடினால் வேண்டாம். நிறை 2 முதல் 3 கிலோ; கதவுப் பக்கம் மெஷினைத் தூக்கிப் பிடித்து அரை மணித்தியாலம் வேலை செய்தால்தான் அரைக் கிலோ என்றால் என்னவென்று தோளுக்குத் தெரியும். மகீற்றாவோ பொஷ்ஷோ இங்கோவோ, எதுவானாலும் மோட்டருக்குள் தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாட் விஷயம் சுருக்கமாக. கம்பளிப் பாட் வெட்டும், மெல்லிய போம் பாட் முடித்துத் தரும். முதலில் பார்த்தோமே அந்த ஹொலோகிராம், கம்பளியோடு வேலையை நிறுத்தியதால் வந்தது. மெல்லிய போம், நல்ல பினிஷிங் பொலிஷ், குறைந்த வேகம். முடிந்தால் கடைசிச் சுற்றை டீஏயில் செய்யுங்கள். பாட்டில் கார் நிறம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் ஒன்றில் மேலே கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ற், அல்லது கிளியர் கோட் தேய்ந்து முடிந்துவிட்டது; நிறத்தையே சீவிக்கொண்டிருக்கிறீர்கள்.

கிணற்றுத் தண்ணீர்ப் புள்ளிக்கு நேரே மெஷினைத் தூக்காதீர்கள். காரை நிழலில் வைத்து, தண்ணீர் கலந்த வினாகிரியைத் துணியால் ஒற்றிவிட்டு, நன்றாகக் கழுவிப் பாருங்கள். பாதிப் புள்ளி அதிலேயே போய்விடும்.

மெஷின் வந்ததும் சொந்தக் காரில் கை வைக்காமல், பழைய இரும்புக் கடையில் ஒரு பொனட் வாங்கிப் பழகுங்கள். வேண்டுமென்றே ஓரிடத்தில் ஓட்டையாகும்வரை பெயின்ற்றைத் தேயுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று கொமன்ட்டில் எழுதுங்கள், மெஷினின் பெயரோடு.